மும்தாஜ் அக்காவின் மெஷின்

ஆடி 9, வியாழன்

ஓசூரில் மூடிக்கிடக்கும் கார்மெண்ட்ஸ் கம்பெனிக்குள் இன்று பத்திரிகைக்காகப் படம் எடுத்தேன். அங்கே பதினோரு வருஷம் தைத்த மும்தாஜ் அக்காவைக் காவேரிப்பட்டினத்திலிருந்து பஸ் ஏறி வரச் சொல்லியிருந்தேன். உள்ளே போனதுமே தன் மெஷினைக் கண்டுபிடித்துவிட்டார். நான் கேமராவை எடுத்து வைப்பதற்குள் முந்தானையால் அதைப் பளிச்சென்று துடைத்துவிட்டார்.

"அக்கா, தூசி இருந்தாத்தான் படம் நல்லா வரும்" என்றேன். பக்கத்து மேஜையிலிருந்து தூசியை அள்ளி அவர் மெஷின்மேல் நானே தூவினேன். நான் காட்டிய இடத்தில் போய் நின்றார்.

எடுத்து முடித்ததும் மறுபடி துடைத்தார்.

"தம்பி, இப்ப ஒண்ணு எடுங்களேன். நான் வேல செஞ்ச எடம்னு எம் பொண்ணுகிட்ட காட்டணும்."

"வெளிச்சம் போயிடுச்சுக்கா."

"அப்டியா? பரவால்ல தம்பி."

அப்போது மணி மூன்றுகூட ஆகவில்லை. ஜன்னல் வெயில் அந்த மெஷின்மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. அதை அவரும் பார்த்தார்.

படம் பிரமாதம் என்று பத்திரிகையிலிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. பதில் போட மனசு வரவில்லை. காலையில் அக்காவுக்குப் போன் செய்ய வேண்டும். செய்து என்னவென்று சொல்வது?