சிவப்பைக் குறைத்த படம்

4 மே, ஞாயிறு

பழைய தோட்டத்து மாரியம்மன் திருவிழா. ரப்பர் மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்து, நாங்களெல்லாம் ஈப்போவுக்கு வந்துவிட்டோம். சாமிக்கு மட்டும் மாற்றல் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டு ஆளை அத்தானுக்குத் துணைக்கு வைத்துவிட்டுக் கலாதேவி அக்காவும் வந்தாள். நெற்றி நிறையக் குங்குமம். ஒரு படம் எடுத்தேன். உடனே கிளம்பிவிட்டாள்.

அத்தானுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து தூக்க, குளிப்பாட்ட எல்லாவற்றுக்கும் அவள்தான். நான் செய்யட்டுமா என்று கேட்டால் "அவ இருக்கால்ல" என்பார். என்னைக் கிட்டேயே விடமாட்டார். இவள் எப்போது விழுவாளோ என்று பயமாக இருக்கிறது.

5 மே

ஜெலாப்பாங் தொழிற்சாலையில் காலை வேலை. நின்றே சரக்கைச் சோதித்ததில் கால் வலி.

6 மே

அக்கா படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினேன். கேமரா வண்ணத்தில்தான் எடுக்கிறது. பிறகு கணினியில் ஒவ்வொரு நிறத்தின் வெளிச்சத்தையும் ஏற்றி இறக்க வேண்டும். நீலக் கூடாரம், மஞ்சள் பேனர் எல்லாம் அடங்கிப்போயின. சிவப்பை ஏற்றினேன். முகம் வெளுத்து, கருவளையமே காணோம். பத்து வயது குறைந்துவிட்டாள். சந்தோஷத்தில் அப்போதே அவளுக்கு அனுப்பிவிட்டேன்.

7 மே

அக்கா போன் செய்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அவரு படுத்துதானடா கெடக்காரு. அதுக்குள்ள எனக்குப் பொட்ட அழிச்சிட்டியே."

அப்போதுதான் பார்த்தேன். சிவப்பை ஏற்றினால் தோல் மட்டுமா வெளுக்கும்? குங்குமமும்தானே. நெற்றி வெறுமையாக இருக்கிறது. ச்சே. ஒரு கீறலுக்காகப் பெட்டியையே திருப்பி அனுப்புகிற வேலை எனக்கு. கண்ணு எங்கடா போச்சு?

10 மே, சனி

பொட்டை மட்டும் தனியாகக் கறுப்பாக்கலாம். மனம் வரவில்லை, அது நான் வைத்த பொட்டாகிவிடும். சிவப்பைக் குறைத்தேன். பொட்டு திரும்பி வந்தது. கூடவே கருவளையம், கன்னத்துப் பள்ளம், உதட்டோர வெடிப்பு — எல்லாம் வந்தன. இப்படியா இருக்கிறாள்?

11 மே, ஞாயிறு

பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். அக்கா பொட்டை மட்டும் பார்த்து, சரி என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அத்தான் இடது கையால் வாங்கி வெகுநேரம் பார்த்தார். தினமும் பார்க்கிற முகம்தான்.

"எப்படா இப்படி ஆனா?"

 

17 மே, சனி

இரவு வேலை முடிந்து நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தானைக் குளிப்பாட்டினேன், இந்த முறை தடுக்கவில்லை. வெட்கத்தில் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சோப்பு கண்ணில் பட்டபோது மட்டும் திட்டினார். அக்கா உள்ளே தூங்கினாள். வெயில் ஏறிய பிறகு பதறி எழுந்து, பசியாற ஒன்றும் செய்யவில்லையே என்று ஓடி வந்தாள்.

"ரொட்டி சானாய் வாங்கியாச்சு. நீ போய்ப் படுலா," என்றார் அத்தான்.