கப்பிளுக்கு மட்டும்

ஆண்டாப் ஹில்
3 ஜூன் 2024

ஜோஷுவா,

இல்லை, திரும்பி வருவதற்காக எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விஜயராணி ஆன்ட்டி சபையில் எல்லாருக்கும் சொல்வதுதான்: போனில் கத்துகிற புருஷன் பெண்டாட்டி காகிதத்தில் பேசுங்கள், நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஜனவரியில் உன் வீட்டைவிட்டு வந்ததிலிருந்து நான் ஒன்றும் எழுதவில்லை. இப்போது ஒரு தேவை.

நான் தங்கியிருக்கிற தோழி ஃபர்ஸானாவின் அண்ணனுக்குக் கல்யாணம். அவளுடைய ஒற்றை அறையில் இனி எனக்கு இடமில்லை. செம்பூரில் மாரீஸ்வரன் என்பவரின் ஃபிளாட் காலியாக இருக்கிறது. அவருக்குச் சம்மதம். அந்தக் கட்டடத்துக் குடியிருப்போரின் சொசைட்டி கமிட்டிதான் தனிப் பெண்ணை விடாது. "கப்பிள்னா அவங்களுக்குப் பிரச்சினையே இல்ல மேடம். தனியாளுன்னா ஆயிரம் கேள்வி," என்கிறார். கல்லூரியில் பாடம் நடத்துகிறேன் என்பது அந்தக் கேள்விகளுக்குப் பதில் ஆகாது.

நினைவிருக்கிறதா, மாட்டுங்கா பூங்காவுக்கு எதிரே ஒரு பலகை. கப்பிள் இங்கே உட்காரக் கூடாது. வாட்ச்மேன் தடியால் பெஞ்சைத் தட்டி நம்மை எழுப்பினான். அன்று அந்தச் சொல் குற்றம். இன்று தகுதி.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி முன்னால் என்னோடு உட்கார வேண்டும். சட்டப்படி பொய்யும் அல்ல. குடிக்காமல் வா. "கப்பிள் ஆஃப் பெக்" என்பது உன் வாயில் ஒருநாளும் இரண்டாக இருந்ததில்லை.

லிசா


தாராவி
5 ஜூன் 2024

அன்புள்ள லிசாவுக்கு,

ஸ்தோத்திரம். வருகிறேன். நீ வாங்கித் தந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறேன். ஈஸ்டரிலிருந்து குடியைத் தொடவில்லை. நீ நம்ப மாட்டாய். அம்மாவே நம்பவில்லை. "ஏல, வேஷம் போடாத, எத்தன நாளைக்கின்னு பாக்கேன்" என்கிறது.

ரயில் ஷெட்டில் எனக்கு இப்போது பெட்டிகளைக் கோக்கிற கப்ளிங் வேலை. இரண்டு ரேக்கைச் சேர்க்கும்போது ஒன்று அசையாமல் நிற்க வேண்டும். மற்றது ஆள் நடக்கிற வேகத்தைவிடக் குறைவாக வர வேண்டும். இரண்டும் நகர்ந்தால் இடிதான். நம் வீட்டில் இரண்டு பேருமே நகர்ந்துவிட்டோம் என்று வேலை செய்யும்போது நினைத்துக்கொள்வேன்.

சாப்பிடுகிறாயா? மெலிந்துவிட்டாய் என்று ஆன்ட்டி சொன்னார்கள்.

அன்புடன்
ஜோஷுவா


செம்பூர்
17 ஜூன் 2024

ஜோஷுவா,

வீடு கிடைத்துவிட்டது. நன்றி.

நன்றாக நடித்தாய். செயலாளர் சாருலதாபென் குழந்தையைப் பற்றி "பச்சா?" என்று கேட்டபோது நான் தரையைப் பார்த்தேன். நீ சிரித்தாய். "பிளானிங் சல் ரஹா ஹை, ஆன்ட்டி." பிளானிங் நடக்கிறதாம். கமிட்டியே சிரித்தது. தட்டில் கேசரி மாதிரி ஷீரா வந்தது. ஸ்வீட் கப்பிள் என்றார்கள். உன் கை என் தோளில் இருந்தது. எடுக்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வீடு போயிருக்கும்.

அதே கைதான் ஜனவரியில் என் மணிக்கட்டை முறித்தது. இருவரும் நகர்ந்தோம் என்று எழுதியிருந்தாய். நகர்ந்தது ஒருவர். நான் சமையல் மேடைக்கும் சுவருக்கும் நடுவில் நின்றிருந்தேன்.

தமிழில் தம்பதி என்று ஒரு சொல் உண்டு. கல்யாணத்தன்று பாஸ்டர் நம்மை அப்படிச் சொன்னார். பிறகு யாரும் சொன்னதில்லை. போட்டோக்காரருக்கும் ஹோட்டல்காரருக்கும் வீட்டுத் தரகருக்கும் நாம் கப்பிள்தான். உள்ளே விடலாம், விடக் கூடாது. அவ்வளவுதான் அதன் பொருள்.

கதவில் சொசைட்டியே பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறது. உன் பெயர். கீழே என் பெயர். இருக்கட்டும். நீ மட்டும் வராதே. கேட்டால் வெளியூரில் வேலை என்று சொல்லிக்கொள்கிறேன்.

வந்த அன்று கதவைச் சாத்திவிட்டு வெறுந்தரையில் உட்கார்ந்து டீ குடித்தேன். யாருடைய காலடியையும் காது தேடவில்லை. அது எனக்கு வேண்டும். அது மட்டும்தான் வேண்டும்.

லிசா


தாராவி
6 ஜூலை 2024

அன்புள்ள லிசாவுக்கு,

ஸ்தோத்திரம். கோபப்படாதே. நேற்று நீ காலேஜில் இருந்தபோது செம்பூருக்கு வந்தேன்.

வாட்ச்மேன் சல்யூட் அடித்தான். சாருலதாபென் படியில் என்னைப் பார்த்துவிட்டு, "பீவி கோ அகேலா சோட்கே கஹான் கூம்தா ஹை?" என்று காதைத் திருகாத குறை. பெண்டாட்டியைத் தனியாக விட்டுவிட்டு எங்கே சுற்றுகிறாய் என்று சொந்த அத்தை மாதிரி கேட்கிறார். நீ சாவியைத் தொலைத்துவிட்டாய் என்று மாரீஸ்வரன் அண்ணாச்சியிடம் சொன்னேன். மறுபேச்சில்லாமல் இன்னொன்று தந்தார். அம்மா கொடுத்த நெத்திலிக் குழம்பை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். குழாய் ஒழுகியது. சரிபண்ணிவிட்டேன். கொஞ்சநேரம் உன் கட்டிலில் படுத்தேன். வேறு எதையும் தொடவில்லை.

கமிட்டி முன்னால் "என் ஹஸ்பண்ட்" என்று நீயாகச் சொன்னாய். யாரும் உன் கழுத்தைப் பிடிக்கவில்லை. அது நடிப்பு என்று எனக்குப் படவில்லை. மணிக்கட்டுக்குப் பாஸ்டர் முன்னால் மன்னிப்புக் கேட்டாயிற்று. இன்னும் எத்தனை தடவை கேட்க வேண்டும்?

அடுத்த வாரம் ஒரு கப்பிள் ஆஃப் டேஸ் வந்து தங்குகிறேன். உட்கார்ந்து பேசுவோம்.

அன்புக் கணவன்
ஜோஷுவா


மாட்டுங்கா
15 ஜூலை 2024

ஜோஷுவா,

சனிக்கிழமை வகுப்பு முடிந்து வந்து சாவியைப் போட்டேன். உள்ளே தாழ்.

என் வீட்டுக் கதவை நான் தட்டினேன். நீ திறந்தாய். லுங்கி. வாயில் அதே வாடை. பின்னால் உன் பெட்டி, என் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில். "ஏட்டி, உள்ள வா. வெளியவே ஏன் நிக்க?"

நீ என்னை வரவேற்றாய்.

சாருலதாபென் வீட்டு மணியை அடித்தேன். அவரை வெளியே அனுப்புங்கள், என் கையை உடைத்தவர் என்றேன். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். முதுகைத் தடவினார். "மியா பீவி மே தோ சல்தா ஹை, பேட்டா." புருஷன் பெண்டாட்டிக்குள் இதெல்லாம் நடக்கிறதுதானே. வாட்ச்மேனிடம் சொன்னேன். அவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சாஹேபை நான் எப்படி நிறுத்துறது மேடம்?" என்று இந்தியில் கேட்டான். அவன் கேட்டதில் தவறில்லை. உன்னைக் கூட்டிவந்து காட்டியவள் நான்.

இதைக் கல்லூரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரவில் ஃபர்ஸானா வீட்டில் கல்யாண விருந்தாளிகளுக்கு நடுவில் படுக்கிறேன்.

வெள்ளிக்கிழமைக்குள் போய்விடு. சாவியை மாரீஸ்வரனிடம் கொடுத்துவிடு. இல்லாவிட்டால் கமிட்டியிடம் எல்லாவற்றையும் சொல்வேன். வீடு போகும் என்று தெரியும்.

லிசா


செம்பூர்
18 ஜூலை 2024

லிசா,

நீ சொல்ல மாட்டாய். சொன்னால் உனக்கும்தான் வீடு போகும். இத்தனை புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு எங்கே போவாய்?

இங்கே எல்லாரும் நல்ல மனிதர்கள். நீ கோபித்துக்கொண்டு போனதால் நான் பட்டினி கிடக்கிறேன் என்று நினைத்து சாருலதாபென் கிச்சடி கொடுத்தனுப்பினார். நான் சாப்பிட்டேன். அன்றைக்குக் குடித்தது சந்தோஷத்தில். இனி இல்லை. உனக்கு அடி விழுந்தது ஒரே ஒரு தடவை. ஊரில் எத்தனை வீட்டில் தினமும் நடக்கிறது, யார் வெளியே போகிறார்கள்?

பிடிவாதத்தை விட்டு வா. கதவை நான் பூட்டுவதில்லை.

ஜோஷுவா


கல்யாண்
22 ஜூலை 2024

ஜோஷுவா,

சொல்லிவிட்டேன். நேற்று, கமிட்டிக் கூட்டத்தில், நின்றுகொண்டே. நாங்கள் பிரிந்து வாழ்கிறோம், வீடு கிடைப்பதற்காக இவரை அழைத்துவந்தேன் என்று. யாரும் கத்தவில்லை. "இத்னா அச்சா கப்பிள் தா," என்றார் சாருலதாபென். எவ்வளவு நல்ல ஜோடியாக இருந்தது என்று, செத்துப்போன யாரையோ பற்றிப் பேசுகிற குரலில். எனக்கு நேர்ந்ததற்கு வராத வருத்தம் அதற்கு வந்தது. மாரீஸ்வரன் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாதக் கடைசிக்குள் இருவரும் காலி செய்ய வேண்டும். உனக்கும் சொல்லியிருப்பார்கள்.

என் புத்தகங்களை ஃபர்ஸானாவின் அண்ணன் வந்து எடுத்துப்போவார். அவரைத் தடுக்காதே. பாத்திரங்களை நீ வைத்துக்கொள்.

இங்கே ஒரு மகளிர் விடுதி. ஓர் அறையில் நாங்கள் நான்கு பேர். எனக்கு மேல் கட்டில். விட்டம் தலையில் இடிக்கிறது. காலை ரயிலில் நிற்கத்தான் முடிகிறது. பக்கத்துக் கட்டில் பெண் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறாள். இதை நல்ல இடம் என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

விஜயராணி ஆன்ட்டியிடம் இனிக் காகிதம் கொடுக்காதே. வாங்க மாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் அழுதார். நமக்காக ஜெபிப்பதாகச் சொன்னார். எனக்காக மட்டும் ஜெபியுங்கள் ஆன்ட்டி என்றேன்.

இன்று காலை பாந்த்ரா குடும்பநல நீதிமன்றத்தில் விவாகரத்து மனுவைக் கொடுத்தேன். பிறகு ரயிலேறி மாட்டுங்காவுக்குப் போய் மதிய வகுப்பை எடுத்தேன்.

லிசா