கங்காணி ஏமாந்த வெள்ளிக்கிழமைகள்

இன்று காலை லிஃப்டில் யாரோ தைலம் தடவிக்கொண்டு ஏறி இறங்கியிருக்கிறார்கள். ஆள் இல்லை, வாசனை மட்டும் நின்றது. என் மாடி வருவதற்குள் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற பெண் தைலத்தின் காட்டம் என்று நினைத்துக்கொண்டு எனக்கு ஒரு டிஷ்யூ நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். போன மாதம் நீ போய்விட்டாய் என்று முன்பின் தெரியாத பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

நீ ஆபிஸில் புரோகிராமைத் தயார்செய்யும் ஒவ்வொரு பில்டுக்கும் முன்னால் அந்தப் பச்சைப் புட்டியைத் திறந்து நெற்றியில் தேய்ப்பாய். தலை வலிக்கிறதா என்றால், இன்னும் இல்லை, வரப்போகிறது என்பாய். முதலில் நான் அதையும் நம்பவில்லை. ஆபிஸில் தூங்காமல் இருக்க இது ஒரு தந்திரம் என்று நினைத்தேன். எனக்குச் சந்தேகம் பிறவியிலேயே வந்தது. ரப்பர் தோட்டத்தில் பால் நிறுக்கும்போது அம்மா யார் முகத்தையும் பார்க்க மாட்டாள், தராசு முள்ளைத்தான் பார்ப்பாள். அந்தக் கண்தான் எனக்கு.

ஆயர் குரோவில் டயர் கடைக்கு மேலே இருந்தது நம் ஆபிஸ். முதலாளி, நீ, நான், சுவரில் ஒரு சாமி மாடம், நான்கு கம்ப்யூட்டர். ரிங்கிட்டின் மதிப்பு விழுந்த அடுத்த வருடம் அது. ஜாவா என்ற பெயரைச் சொன்னால் மலாக்காவில் பாதிப் பேர் காப்பித்தூள் என்று நினைத்த காலம். செங்கில் இருந்த ஒரு கையுறைத் தொழிற்சாலைக்கு, பெட்டிகளில் ஒட்டும் லேபிளை அச்சடிக்கும் புரோகிராமை நாம் இருவரும் எழுதிக்கொண்டிருந்தோம்.

அவரவர் கம்ப்யூட்டரில் எழுதுவது ஒரு வேலை என்றால், எழுதியதை மூலையில் தனியாக இருந்த கம்ப்யூட்டரில் போட்டு, ஓட்டும் வடிவத்துக்கு மாற்றி டிஸ்கெட்டில் ஏற்றுவது இன்னொரு வேலை. நூற்றுக்கணக்கான கோப்புகள். எல்லாவற்றையும் ஒவ்வொரு முறையும் மாற்றினால் காலை முழுவதும் போய்விடும். அதற்காக நீயே ஒரு கருவி செய்தாய். ஒவ்வொரு கோப்பாகப் போய், நாம் எழுதியதன் நேரத்தையும் ஏற்கனவே மாற்றி வைத்ததன் நேரத்தையும் அது பார்க்கும். எழுதியது பிந்தையது என்றால் புதிதாக மாற்றும். இல்லையென்றால் தொடாமல் அடுத்ததற்குப் போய்விடும். நிரை நிரையாக நடந்து யார் வேலை பாக்கி என்று பார்க்கிறதே, இது எங்கள் தோட்டத்துக் கங்காணிதான் என்றேன். நீ அந்தப் பெயரையே வைத்துவிட்டாய். முதலாளியின் தாத்தா ஒரு காலத்தில் கங்காணியாக இருந்தவராம். தன்னைக் கிண்டல் செய்கிறோமோ என்று முதலாளிக்கு ஒரு சந்தேகம் கடைசிவரை இருந்தது.

அந்த மனிதர் கெட்டவர் இல்லை, பயந்தவர். காலையில் முதல் ஆளாக வந்து கதவைத் திறந்து விளக்கேற்றுவார். வெள்ளிக்கிழமையென்றால் விளக்கேற்றிவிட்டுக் கோயிலுக்குப் போய்ச் சாயங்காலம்தான் திரும்புவார். கேட்டால், இந்தக் கம்ப்யூட்டரெல்லாம் தனக்குக் கண்ணைக் கட்டுகிறது என்பார். அவர் விடாமல் கேட்டது ஒன்றே ஒன்று. புரோகிராமின் முகப்புத் திரையில் அது தயாரான நாளும் நேரமும் தெரியவேண்டும், அந்த நேரம் ராகு காலத்தில் விழக்கூடாது.

வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. டிஸ்கெட் போவதும் வெள்ளிக்கிழமை. தொழிற்சாலையிலிருந்து கடைசித் திருத்தங்கள் ஃபேக்ஸில் வரும்போதே பதினொன்று ஆகிவிடும். நாம் பாக்சிக் என்று கூப்பிடும் வேன் டிரைவருக்கோ பள்ளிவாசலுக்குப் போகவேண்டும், பன்னிரண்டுக்கு முன்னால் டிஸ்கெட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ராகுவுக்கும் தொழுகைக்கும் நடுவில் நாம் மாட்டிக்கொண்டு முழித்தோம். நீ மாதா கோயில் பிள்ளை, உனக்கு இரண்டுமே வேடிக்கை. முடிந்தபோது முடியட்டும் என்று நாம் வேலையைப் பார்த்தோம். தினமும் பார்க்கும் முகப்புத் திரையை நாம் இருவரும் படித்ததே இல்லை.

அப்புறம்தான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. லேபிளில் காலாவதி மாதம் தப்பாக வருகிறது என்று ஃபேக்ஸ் வந்தது. நான் திருத்தினேன், கங்காணியை ஓட்டினோம், டிஸ்கெட் போனது. திங்கட்கிழமை அதே தப்பு என்று போன். நான் கோப்பைத் திறந்து பார்த்தால் திருத்தம் அப்படியே இருந்தது. எங்கே போகிறது என்று பார்க்க ஒரு வரி சேர்த்து மறுபடியும் ஓட்டினால் எல்லாம் சரியாக வேலை செய்தது. அடுத்த வெள்ளி வேறொரு திருத்தம், திங்கட்கிழமை மறுபடியும் அதே கதை. நான் தேட ஆரம்பித்ததும் தப்பு ஒளிந்துகொள்ளும். யாரோ வெள்ளிக்கிழமை பழையதை உள்ளே வைத்து, திங்கட்கிழமை எடுத்துவிடுகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. வேறு எப்படி நினைப்பது?

தப்பு லேபிள் ஒட்டிய பெட்டிகள் துறைமுகத்திலிருந்து திரும்பி வந்த அன்று முதலாளி நம் இருவரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். இனி இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது, மாதக் கடைசியில் ஒருவர் போகவேண்டும் என்றார். அதோடு விட்டிருக்கலாம்.

“இங்க ஒருத்தர் வேணும்னே கெடுக்கிறீங்க. யாருன்னு தெரியட்டும், அவங்களே போயிரலாம்” என்று சொல்லிவிட்டு என்னைத்தான் பார்த்தார். திருத்தங்கள் எல்லாம் என்னுடையவை.

எங்கள் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்று, நாங்கள் செங்கில் வாடகை வீட்டுக்கு வந்திருந்த நேரம். அப்பாவுக்கு வேலை இல்லை, தம்பிகள் இருவரும் பள்ளியில். அந்த வீடு நின்றது என் சம்பளத்தில். அது உனக்கு நன்றாகத் தெரியும், அம்மா கையால் எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறாய். அந்த மூலைக் கம்ப்யூட்டரைத் தொடுவது நீயும் நானும்தான். நான் செய்யவில்லை. மீதியைக் கணக்குப் போட்டுப் பார்க்கவே பயமாக இருந்தது.

“மெஷினு பொய் சொல்லாது லா” என்றாய் நீ. உனக்குக் கங்காணிமேல் அவ்வளவு நம்பிக்கை. எனக்கு அதன்மேல்தான் முதல் சந்தேகம். அது வேலை வாங்குமே தவிர, ஒரு கோப்பை ஏன் தொட்டது, ஏன் தொடவில்லை என்று வாயைத் திறக்காது. நான் பெற்ற பிள்ளையை வெட்டப் போகிறாயா என்று நீ சிரித்துக்கொண்டே அதன் புரோகிராம் வரிகளை எனக்குக் காட்டினாய். இரண்டு நாள் உட்கார்ந்து அதற்குப் பேசக் கற்றுக்கொடுத்தேன். இனி ஒவ்வொரு கோப்புக்கும் எழுதிய நேரம், மாற்றிய நேரம், எடுத்த முடிவு மூன்றையும் அது அச்சடிக்கவேண்டும். நீ கூடவே இருந்து என் பிழைகளைத் திருத்திக் கொடுத்தாய். குற்றம் செய்தவள் இப்படிக் கூட இருந்து உதவுவாளா என்றும், செய்தவள்தான் கூடவே இருந்து பார்ப்பாள் என்றும் மாற்றி மாற்றி நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை பிரின்டர் நீளமாகக் காகிதத்தைத் துப்பியது. நான் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். லேபிள் கோப்பு: நான் எழுதியது பதினொன்றேகால், மாற்றியது பன்னிரண்டே இருபது. ஆகவே புதிதாகத்தான் இருக்கிறது, தொடவில்லை. நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு ஆக இன்னும் நேரம் இருந்தது. வராத நேரத்தில் ஒரு கோப்பு தயாராகியிருந்தது. காலையில் முதலில் ஓட்டியபோது பதிந்த அந்த நேரத்தைப் பார்த்துவிட்டு, அதற்குப் பின் நான் செய்த திருத்தத்தைப் பழசு என்று கங்காணி ஒதுக்கியிருக்கிறது. திங்கட்கிழமை நான் ஒரு வரி சேர்த்ததும் என் நேரம் பிந்தையதாகிவிடும், அது புதிதாக மாற்றிவிடும், தப்பும் மறைந்துவிடும்.

நீ காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தாய். பிறகு மூலைக் கம்ப்யூட்டருக்குப் போய் அதன் கறுப்புத் திரையில் நேரத்தைக் கேட்டாய். கடிகாரம் சரியாக ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சரி செய்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து ஓட்டி, டிஸ்கெட்டைப் பாக்சிக் கையில் கொடுத்தாய். உன் கை கொஞ்சமும் தடுமாறவில்லை. அதையும் நான் கவனித்து வைத்துக்கொண்டேன்.

“யாரு மாத்துனா?” என்றேன்.

“அவரு வரட்டும்” என்றாய்.

சாயங்காலம் முதலாளி நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். நீ அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாய். வெளியே வந்ததும் உன் கப்பையும் தைலப் புட்டியையும் பையில் போட்டாய். நீதான் கடிகாரத்தை மாற்றினாயாம். ராகு காலம் ராகு காலம் என்று அவர் உயிரை எடுத்ததால், முகப்பில் பன்னிரண்டுக்கு மேல் காட்டட்டும் என்று தள்ளி வைத்தாயாம், இப்படி ஆகும் என்று நினைக்கவில்லையாம். எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னாய். கூட இருப்பவர்களையே நம்ப முடியவில்லை பார்த்தாயா என்று முதலாளி பின்னால் நின்று என்னிடம் வருத்தப்பட்டார். அந்த வருத்தம் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

அன்று உன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்ச நஞ்சமல்ல. ஆனால் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் ஒன்று நெருடியது. நேரத்தைத் தவிர வேறெதையும் நம்பாத கருவியைச் செய்தவள் நீ. அதன் கடிகாரத்தில் கை வைத்தால் என்ன ஆகும் என்று உலகத்தில் ஒருத்திக்குத் தெரியுமென்றால் அது உனக்குத்தான். இப்படி ஆகும் என்று நினைக்கவில்லை என்று நீ சொன்னது கலப்படமில்லாத பொய்.

ஆகவே கங்காணிக்கு இன்னொன்று சேர்த்தேன். வேலையைத் தொடங்கும் முன் அது என் கம்ப்யூட்டரிடம் நேரம் கேட்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஓட மறுத்துவிடும். நான்கு மாதம் முணுமுணுக்காமல் ஓடியது. ஒரு வியாழக்கிழமை நானே கடைசியாகக் கதவைப் பூட்டினேன், அதுவரை சரியாகத்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை கங்காணி நின்றுவிட்டது. கடிகாரம் ஒன்றரை மணி நேரம் முன்னால். நீ அப்போது குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாய். எனக்கு முன்னால் அந்த ஆபிஸுக்குள் வந்தது, விளக்கேற்ற வந்த ஒரே மனிதர். கம்ப்யூட்டர் கண்ணைக் கட்டுகிறது என்றவர், ஒரு காலத்தில் அதே கறுப்புத் திரையில் பல வருடம் கணக்கெழுதியவர் என்று கீழே டயர் கடைக்காரர் பிறகு சொன்னார்.

நினைத்துப் பார், அந்த மனிதர் தான் செய்ததை நீ செய்ததாக நீயே வந்து சொல்லக் கேட்டு, தலையாட்டி உன்னை அனுப்பியிருக்கிறார். கடிகாரம் மாறியதால்தான் திருத்தம் போகவில்லை என்று அதற்கு முன் அவருக்குத் தெரிந்திருக்காது, அதை ஒத்துக்கொள்கிறேன். அன்று தெரிந்தது. தெரிந்தபிறகும் ராகுவை ஏமாற்றும் ஆசை விடவில்லை. கங்காணியின் செய்தியை அச்சடித்து அவர் மேசைமேல் வைத்தேன். சாயங்காலம் படித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், என் பக்கம் திரும்பவே இல்லை. அதன்பின் கடிகாரம் ஒருமுறைகூட முன்னால் போகவில்லை. அடுத்த மாதம் என் சம்பளம் கொஞ்சம் கூடியது. அதையும் சந்தேகத்தோடுதான் வாங்கினேன்.

உன் தொழிற்சாலை வாசலில் வந்து நின்று கேட்டேன். பழசைக் கிளறாதே, பசிக்கிறது என்று என்னைச் சாப்பிட இழுத்துக்கொண்டு போனாய். உன் கல்யாணத்தில் கேட்டேன். என் மகன் பிறந்தபோது நீ வந்தாய், அப்போதும் கேட்டேன். எப்போதும் ஒரு சிரிப்பு, ஒரு பேச்சு மாற்றல். கடைசியில், மருத்துவமனைக் கட்டிலில் நீ பாதியாக இளைத்துக் கிடந்தபோது, நான் கேட்காமலேயே நீயாகச் சொன்னாய். காகிதத்தைப் பார்த்தபோதே அவர்தான் என்று தெரிந்துவிட்டதாம். அந்த ஆபிஸில் ராகு காலத்துக்குப் பயந்தவர் வேறு யார்?

“அப்புறம் ஏன் என்கிட்ட சொல்லல?”

“ஒன் வாயி எனக்குத் தெரியாதா? நேரா உள்ள போய் அவர் மூஞ்சிக்கு நேரா கேட்டிருப்ப. அடுத்த நிமிசம் ஒன்ன அனுப்பியிருப்பாரு.” மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாய். “ரெண்டு பேர்ல ஒருத்தர்னு அவரு முடிவு பண்ணிட்டாரு. யாருன்னு நான் முடிவு பண்ணேன். அவ்ளோதான் லா.”

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. யார் உன்னைக் கேட்டது என்று கத்தினேன், நர்ஸ் எட்டிப் பார்த்தாள். நன்றி என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. நீ கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் போட்டுத் தலைவலி வர வைக்காதே என்றாய். உன் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்றும் நான் அப்படியே இருக்கிறேன். ஆபிஸில் யார் எதைச் சரி என்று சொன்னாலும் ஏன் என்று கேட்டு அச்சடித்துப் பார்க்கிறேன். யாராவது நல்லது செய்தால் முதலில் அவருக்கு இதில் என்ன லாபம் என்று தேடுவேன். தேடினால் கிடைத்துவிடும், லாபமோ, பயமோ, வெட்கமோ ஏதாவது ஒன்று. நீ செய்ததையும் இத்தனை வருடம் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன். அந்த வேலை உனக்குப் பிடிக்கவில்லையோ, வேறு இடம் பார்த்து வைத்திருந்தாயோ, அவர்மேல் உனக்கு ஏதாவது பரிதாபமோ என்று நான் விசாரிக்காத ஆளில்லை. உன் தங்கையிடம்கூட விசாரித்துவிட்டேன். ஒன்றுமே இல்லை, மூன்று மாதம் வேலை தேடி அலைந்தாள், வீட்டில் அழுதாள் என்றாள். உன்னைச் சந்தேகப்பட எனக்கு ஒரு காரணம்கூட மிச்சம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.