எரியாத காயம்

14-5-74, செவ்வாய்.

உப்புப் பாத்தியில கிளிஞ்சல் காலைக் கிழிச்சிடுச்சு. உப்புத்தண்ணி பட்டும் எரியலை. போன வருசம் இதே மாதிரி பட்டப்ப அலறினேன். கூட உப்பு வார்ற மேரியக்கா, "உடம்பு பழகிடுச்சுடி, இனிமே நீயும் உப்பளத்துக்காரிதான்"னு சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

வீட்டுக்காரர் பம்பாய்க்கு வேலைக்குப் போனதுலேர்ந்து, சாயங்கால பஸ் ஹாரன் கேட்டாலே அவர்தான் வந்துட்டாரோன்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும், சோறு இறங்காது. இந்த அவஸ்தை தீரணும்னு மாதாகிட்ட எத்தனை தடவை அழுதிருக்கேன்.

இன்னிக்கும் பஸ் வந்துச்சு, நின்னுச்சு, போயிடுச்சு. நான் பாட்டுக்குக் குழம்பைக் கிளறிக்கிட்டிருந்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

மாதாவே, காலு எரியாட்டி போகட்டும். அந்தப் படபடப்பை மட்டும் எனக்குத் திருப்பிக் குடுத்துடு.