சீலிங்குக்கு மேல் பூச வேண்டாம்

நீங்கள் நடந்துவிட்டு வருவதற்குள் என் பஸ் போய்விடும். இட்லி ஹாட் பாக்ஸில். பதினோரு மணிக்குப் பூச்சு வேலைக்கு ஹாரு மிஸ்திரி வருவார். ஹால் சீலிங்கில் பழைய சொரசொரப்புப் பூச்சின் மேலேயே புதிதாகப் பூச விடாதீர்கள். தண்ணீர் தெளித்து, ஊறவைத்து, முழுதும் சுரண்டட்டும். "ஹோயே ஜாபே தாதா, எல்லாம் ஆகிவிடும்" என்று வங்காளத்தில் சொல்லிச் சிரிப்பார். நீங்களும் சேர்ந்து சிரிக்காதீர்கள்.

காலையில் ஸ்டூலில் ஏறி ஜன்னல் மூலையை நானே சுரண்டிப் பார்த்தேன். உள்ளே ஈரம், கை நீளத்துக்கு விரிசல். நான் பிரசவத்துக்குத் திருச்சி போயிருந்தபோது நீங்கள் சுழி சுழியாக டிசைன் போட்டுப் பூசவைத்த சீலிங். குழந்தையோடு திரும்பியதும், "உனக்காகத்தான் இந்தச் சுழியெல்லாம்" என்றீர்கள். பன்னிரண்டு வருஷம் அதை அண்ணாந்து பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். மொட்டைமாடி ஒழுகலை மறைக்கப் போட்டதென்று நேற்றுச் சண்டையில்தான் உங்கள் வாயிலிருந்து வந்தது.

துர்கா பூஜைக்கு வரும் உங்கள் அக்கா விரிசலைப் பார்த்தால் பார்க்கட்டும். "தெரியாமல் பூசிவிட்டால் போச்சு" என்று மறுபடியும் சொன்னீர்களே, அதுதான் தாங்கவில்லை.

வசுமதி

சுரண்டியது தோசைத் திருப்பியால். கழுவாமல் எடுக்காதீர்கள்.

வேறு எதையாவது இப்படிப் பூசி வைத்திருந்தால் சாயங்காலம் சொல்லிவிடுங்கள். கத்தமாட்டேன்.