மூன்றாவது பொத்தான்

3 ஜூன் 2008

சூளையைப் பார்த்துக்கொள்ளும் பாவாடை காலையில் சிரித்துக்கொண்டே வந்தான்.

"சேலத்துக்குப் போவ வேண்டிய ஃபியூஸ் கட்டை அப்படியே கெடக்குதும்மா. ஆர்டர நீங்களே நீக்கிட்டீங்கன்னு கம்ப்யூட்டரு சொல்லுது. நாளைக்கு சூளையையும் அணைச்சிருவீங்க போல!"

முறைத்து அனுப்பினேன். அவர் காலமான பிறகு இந்தப் பீங்கான் யூனிட்டை நான்தான் நடத்துகிறேன். ஒரு சரக்கு தவறியதில்லை. 'அனுப்பு' பொத்தானைத்தான் அழுத்தினேன். அழுத்தினேனா?

5 ஜூன்

கணினித் திரையின் மேல் வரிசையில் 'அனுப்பு' எப்போதும் மூன்றாவது. இன்று ஐந்தாவதாக இருக்கிறது. மருமகள் கொடுத்த புதுக் கைபேசியில் அது இல்லவே இல்லை.

கிரேசி அக்காவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. உப்பு ஜாடியை யாரோ மாற்றி வைத்துவிட்டார்கள் என்பாள். கடைசியில் என்னையே யாரென்று கேட்டாள்.

6 ஜூன்

யாரிடமும் சொல்லப்போவதில்லை.

8 ஜூன், ஞாயிறு

பூசையில், சிறுவயதிலிருந்தே மனப்பாடமான விசுவாசப் பிரமாணத்தின் நடுவில் நின்றுவிட்டேன். அடுத்த வரி வந்தது — தாமதமாக.

11 ஜூன்

பயத்தைக் கோபமாக்கிக்கொண்டு சென்னைக்கு, மகன் ஜூடின் வீட்டுக்குப் போன் செய்தேன். யூனிட்டுக்கு இந்த மென்பொருளை எழுதியவள் மருமகள் பிரின்சிதான்.

"பட்டனெல்லாம் நடமாடுதே, இதான் நீ படிச்ச லட்சணமா?"

"நடமாடத்தான் செய்யும் அத்த. அதிகமா தொடறது முன்னாடி வர்ற மாதிரி டூல்பார அமைச்சிருக்கேன். பழைய ஆர்டர் நெறைய நீக்குனீங்கல்ல, அதான் 'நீக்கு' மூணாவதா வந்துருச்சு. போன்ல அகலம் கம்மி, நாலுதான் நிக்கும். மிச்சம் 'மேலும்'குள்ள போயிடும்."

போனை வைத்த பிறகு அழுதேன். மாதாவே, நான் இல்லை. என் புத்தி இல்லை.

12 ஜூன்

கான்வென்ட்டில் தட்டச்சு வகுப்பில் சிஸ்டர் எங்கள் கைகளின் மேல் துணி போர்த்துவார். எழுத்தைப் பார்க்கக் கூடாது, இடம் விரலுக்குத் தெரிய வேண்டும். இன்றும் நான் பொத்தானின் பெயரைப் படிப்பதில்லை, இடத்தைத்தான் அழுத்துகிறேன்.

பிரின்சியிடம் சொல்லிவிட்டேன்: எதுவும் நகரக் கூடாது. கணினியில் முதல் நான்கு எவையோ அவையே கைபேசியிலும், அதே வரிசையில். 'அனுப்பு' மூன்றாவது. 'நீக்கு' அதன் பக்கத்திலேயே வரக் கூடாது — கடைசியில், தள்ளி, தனியாக.

"எங்க ஆபீசுல உங்களதான் வேலைக்கு எடுக்கணும் அத்த."

எடுக்கட்டுமே.

20 ஜூன்

மாற்றி அனுப்பிவிட்டாள். இரண்டிலும் ஒரே வரிசை. இரண்டு வாரமாகச் சரியாக இறங்காத சோறு இன்று இறங்கியது.

9 ஜூலை

'அனுப்பு' இல்லை. மூன்றாவது இடத்திலும் இல்லை, 'மேலும்' என்பதைத் திறந்தாலும் இல்லை. முழு வரிசையையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். இல்லை.

பிரின்சியைக் கூப்பிட்டுத் திட்டினேன்.

"மறுபடி ஏன் கை வெச்ச? சொன்னது மண்டையில ஏறலியா?"

"நான் எதையும் தொடலியே அத்த. பக்கத்துல யாராச்சும் இருந்தா பாக்கச் சொல்லுங்க" என்றாள்.

பாவாடையைக் கூப்பிட்டேன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு திரையில் விரலை வைத்தான்.

"தோ, இங்கதானேம்மா இருக்குது. மூணாவது."

அவன் விரலுக்குக் கீழேதான் இருந்தது. அவன் சொன்னது போனில் பிரின்சிக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"ஜூடும் நானும் சனிக்கிழம வரோம் அத்த. டாக்டர ஒரு தடவ பாத்துட்டு வந்துரலாம்."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.