சூடேறிய டெலிபிரிண்டரும் நாற்பத்தொரு பெயர்களும்

போன புதன்கிழமை எருத்தேன்பதியில் நீங்கள் காலமானதை உங்கள் மகள் தொலைபேசியில் உறுதி செய்தார். இன்று அவர் அனுப்பிய பார்சலில் உங்கள் இசைக்கவை வந்தது. டெலிபிரிண்டர் மோட்டாரின் வேகம் பார்க்க எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பீர்களே, அதுதான். மேசையில் தட்டினேன், நன்றாகவே அதிர்கிறது.

எழுபதுகளின் நடுவில் பீர்மேட்டில் நீங்கள் தந்தி மெக்கானிக், நான் மதுரைப் பத்திரிகை ஒன்றின் நிருபர். பழைய கருவியை எடுத்துவிட்டு, இங்கே தட்டினால் மதுரையில் எழுத்தாக அச்சாகும் புதிய டெலிபிரிண்டர் வைத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சின்னத் தந்திகள் சுத்தமாகப் போயின. நீளமானவை பாதியில் குழம்பின. எல்லோரும் மழையைத் திட்டினோம்.

அந்த ஆடியில் மண் சரிந்து எஸ்டேட் தொழிலாளர் குடியிருந்த லயம் ஒன்றை மூடியது. அங்கே இருந்தவர்களில் இருவரைக் காணவில்லை; பிழைத்த நாற்பத்தொரு பேரின் பெயர்களையும் அனுப்பினேன். மறுநாள் பத்திரிகையில் வந்தவை பதினான்கு. மற்றவை மதுரையில் வெறும் எழுத்துக் குப்பையாக இறங்கியிருந்தன.

பிழைத்தவர்களில் ஒருவரான, கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாள் பத்திரிகையும் கையுமாகத் தந்தி ஆபீசுக்கு வந்து நின்றார். “ஏண்ணாச்சி, நான் செத்தாச்சா? சங்கரன்கோயில்ல எங்கம்மா இத வாசிக்கச் சொல்லிக் கேட்டா, இன்னிக்கே எனக்குக் கருமாதி வச்சிருவா!”

நீங்கள் சிரிக்கவில்லை. மோட்டாரை ஓடவிட்டு, கவையைத் தட்டி அதன் இடுக்கு வழியே பார்த்தீர்கள். மோட்டார்ச் சக்கரத்தில் போட்டிருந்த கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தன, வேகம் சரி. ஆனாலும் மோட்டாரை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் கோடுகள் மெல்ல நகரத் தொடங்கின.

“ஏனுங்க சார், தப்பு என்ர மேலதானுங்க,” என்றீர்கள், உங்கள் மேலதிகாரி நிற்கும்போதே. “நித்தம் காலைல மெஷின் சில்லுனு இருக்கறப்பவே வேகம் பார்த்துட்டு உட்டுட்டேன். சூடேறுனா ஓட்டம் மாறுது.”

மழையென்று சொல்லித் தப்பித்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மோட்டாருக்கு மாற்று உதிரிபாகம் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். நீங்கள் காத்திருக்கவில்லை. பெயர்களை ஐந்தைந்தாக வெட்டி, துண்டுக்கு ஓர் எண் போட்டீர்கள். ஒன்று போனதும் மோட்டாரை ஆறவிட்டீர்கள். மதுரை அதே பெயர்களைத் திருப்பி அடித்த பிறகுதான் அடுத்தது. ஆறாவது துண்டு நான்கு பெயர்களோடு திரும்பியது; பேச்சியம்மாள் இல்லை. இன்னும் கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி அனுப்பினீர்கள். அவர் பெயர் காகிதத்தில் விழுந்ததைப் படித்துச் சொன்னேன்.

“அப்ப உசுரோடதான் இருக்கேன்!” என்றார். அவர் சிரித்த பிறகுதான் நீங்களும் சிரித்தீர்கள்.

ஒன்பதாவது துண்டும் சேர்ந்தது. நான் எழுந்தேன்.

“இருங்க சார். காணாமப் போன அந்த ரண்டு பேரு?” என்றீர்கள்.

“அவங்களப் பத்தி ஒண்ணும் தெரியாதே. தெரியாதத எப்படிச் செய்தியா அனுப்புறது?”

“தெரியலைன்னே அனுப்போணுங்க. இல்லாட்டி, பேரு மெஷின்ல உட்டுப்போச்சுன்னு அவிய ஊட்டுல நம்பீட்டே இருப்பாங்க.”

அதன் பிறகு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல் நான் எந்தச் செய்தியையும் முடித்ததில்லை. அன்று நீங்கள் கேட்டு நான் எழுதிய பத்தாவது துண்டு இது:

“இருவரைப் பற்றித் தகவல் இல்லை. மழை விட்டால் நாளை காலை தேடுதல் தொடரும்.”